வீட்டில் நாய் இருக்கட்டும், நாய் வாடை வேண்டாம்



கடன், வசூல், வங்கிக் கணக்கு என்று எத்தனையோ விஷயங்களை இந்தப் பக்கங்களில் பேசியிருக்கிறோம். இந்த முறை கொஞ்சம் கூச்சமான விஷயம் ஒன்றைப் பேசப் போகிறோம். வீட்டில் நாய் வளர்க்கிறோம். வீட்டுக்குள் ஒரு வாடை அடிக்கிறது. வந்தவர்கள் மூக்கைச் சுளிக்கிறார்கள். ஆனால் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. "இதெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வாடையால் நம் உறுப்பினர் ஒருவருடைய தொழிலே படுத்துவிடும் நிலைமை வந்தது. அதிலிருந்தே தொடங்குகிறோம்.

அந்தச் சகோதரி குழுவில் கடன் வாங்கித் தையல் மெஷின் வாங்கியவர். வீட்டு முன் அறையில் ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுப்பார். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான். இரண்டு பெண் பிள்ளைகள். ஆறு வருஷமாக ஒரு நாட்டு நாய் வீட்டோடு இருக்கிறது. இரவில் வாசலில் காவல், பகலில் மெஷினுக்கு அடியில் தூக்கம்.

தவறாமல் தவணை கட்டியவர் இரண்டு மாதம் பாக்கி வைத்தார். கூட்டத்தில் காரணம் கேட்டோம். "ஆர்டரே வரலைக்கா" என்று தலையைக் குனிந்துகொண்டார். எங்களில் நாலு பேருக்குக் காரணம் தெரியும். இரண்டு பேர் ஏற்கெனவே வேறு தையல்காரரிடம் போக ஆரம்பித்திருந்தோம். ஆனாலும் யாரும் பேசவில்லை. கடைசியில் வயதில் மூத்த உறுப்பினர் ஒருவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "தப்பா நினைக்காத கண்ணு. தைச்சுக் குடுத்த துணியைப் பிரிச்சா நாய் வாடை அடிக்குது."

அன்றைக்கு அந்தச் சகோதரி அழுதுவிட்டார். விஷயம் கணவருக்குப் போனதும், "சாக்குல கட்டி லாரியில ஏத்திட்டுப் போய் எங்கயாவது இறக்கி விட்டுடுறேன்" என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் சாப்பிடவில்லை. "அவரு இல்லாத ராத்திரியில நாங்க மூணு பேரும் பயமில்லாம தூங்குறதே அது வாசல்ல கிடக்குற தைரியத்துலதான்" என்று அவர் எங்களிடம் சொன்னபோது எங்களுக்கும் மனசு கேட்கவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள் என்று கணவரிடம் பேசினோம். நாயை அரசு கால்நடை மருந்தகத்துக்கு அழைத்துப் போனோம். அங்கே டாக்டர் சொன்னதும், பிறகு நாங்கள் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

டாக்டர் முதலில் சொன்ன ஒரு வார்த்தையை மறக்காதீர்கள். நல்ல ஆரோக்கியமான நாய் நாற்றம் அடிக்காது. லேசான ஒரு மணம் இருக்கும், அவ்வளவுதான். நாற்றம் அடித்தால் ஒன்று நாய்க்கு ஏதோ கோளாறு, இல்லை அது படுக்கும் இடத்தில் கோளாறு. அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சரி செய்ய வேண்டும்.

முதலில் நம் மூக்கை நம்பாதீர்கள்

ஒரே வாடையில் தொடர்ந்து இருந்தால் நம் மூக்கு அதற்குப் பழகிவிடும். கருவாடு விற்கிறவருக்குக் கருவாட்டு வாடை தெரியாது இல்லையா, அது மாதிரிதான். அந்தச் சகோதரி பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே எதுவும் தெரியவில்லை.

வீட்டில் வாடை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இரண்டு வழி உண்டு. ஒருநாள் வெளியூர் போய்த் திரும்பி வரும்போது, கதவைத் திறந்த முதல் நிமிஷத்தில் என்ன வாடை வருகிறது என்று கவனியுங்கள். கொஞ்ச நேரம் கழிந்தால் தெரியாது. இரண்டாவது வழி, மனசில் பட்டதைச் சொல்லக்கூடிய ஒரு தோழியை வரச் சொல்லிக் கேளுங்கள்.

நாயிடம் எங்கெங்கே பார்க்க வேண்டும்?

காது: காது தொங்கும் நாய்களுக்கும், குளிப்பாட்டும்போது காதில் தண்ணீர் போன நாய்களுக்கும் காதுக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சையும் கிருமியும் வளரும். புளித்த மாவு மாதிரி வாடை வரும். பழுப்பாக அழுக்கு சேரும். நாய் தலையை உதறிக்கொண்டே இருக்கும், காதைச் சொறியும். நம் சகோதரி வீட்டு நாய்க்கு இரண்டு காதிலும் சீழ் இருந்தது. மெஷினுக்கு அடியில் வந்த வாடையில் பாதி அதுதான். காதுக்குள் குச்சி விடாதீர்கள், எண்ணெய் ஊற்றாதீர்கள். டாக்டர் தரும் சொட்டு மருந்தைச் சொன்ன நாள்வரை முழுசாகப் போடுங்கள்.

வாய்: பல்லில் மஞ்சளாகக் காரை படிந்து ஈறு வீங்கினால் வாய் நாறும். அந்த வாயால்தான் நாய் உடம்பு முழுக்க நக்குகிறது. அதனால் உடம்பும் நாறும். நாம் பல் தேய்க்கும் பேஸ்ட்டை நாய்க்குப் போடக் கூடாது. அதற்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். சில பேஸ்ட்டில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்கு விஷம். ஈரத் துணியை விரலில் சுற்றிப் பல்லைத் துடைத்துவிட்டாலே நல்லது.

தோல்: சொறி பிடித்தால் முடி கொட்டும், தோல் தடித்துக் கறுக்கும், எண்ணெய்ப் பிசுக்காக நாறும். கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகளால் வருவது சொறி. அதில் ஒரு வகை மனிதர்களுக்கும் ஒட்டி அரிப்பு உண்டாக்கும். நம் ஊர்ப் பக்கம் சொறி நாய்க்கு வண்டியில் வடித்த பழைய ஆயிலைத் தடவுகிறார்கள். மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். உண்ணி இருந்தால் பயிருக்கு அடிக்கிற மருந்தைத் தேய்க்கிறார்கள். தயவு செய்து செய்யாதீர்கள். நாய் அதை நக்கி விழுங்கும், தோலும் வெந்துபோகும். உயிருக்கே ஆபத்து. சொறிக்கும் உண்ணிக்கும் நல்ல ஊசி, மாத்திரை, மருந்து எல்லாம் இப்போது இருக்கிறது.

பின்பக்கம்: நாயின் ஆசனவாயின் இரு பக்கமும் இரண்டு சிறு பைகள் உண்டு. அதில் சுரக்கும் நீர் வெளியே போகாமல் அடைத்துக்கொண்டால் அழுகிய மீன் மாதிரி வாடை வரும். நாய் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே போகும். புழு இருந்தாலும் இப்படித் தேய்க்கும். டாக்டர் பார்த்துச் சொல்லிவிடுவார்.

மூன்று வாடைக்கு ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது

ஒன்று, புண்ணில் புழு வைத்த வாடை. ஈ மொய்த்த புண்ணில் ஒரே நாளில் முட்டை பொரிந்து புழு உள்ளே குடைந்து போகும். பிண வாடை அடிக்கும். பெட்ரோல், பினாயில் ஊற்றாதீர்கள்.

இரண்டு, பெட்டை நாய் பருவத்துக்கு வந்து போய் ஒன்றிரண்டு மாதத்துக்குள் பின்பக்கம் சீழ் வடிந்து நாறினால் அது கர்ப்பப்பைச் சீழ். நாய் நிறையத் தண்ணீர் குடிக்கும், சோறு தின்னாது. கர்ப்பப்பையை எடுக்கும் அறுவை சிகிச்சை தாமதமானால் உயிர் போய்விடும். கருத்தடை செய்த பெட்டைக்கு இந்த நோய் வருவது மிக அரிது.

மூன்று, குட்டி ரத்தமாகக் கழிந்து, தாங்க முடியாத வாடை அடித்தால் அது பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். தடுப்பூசி போடாத குட்டிகளைக் கொத்தாகக் கொண்டுபோகும் நோய் இது.

இந்த மூன்றிலும் வாடைதான் நமக்கு வரும் தகவல். அதைச் சாம்பிராணி போட்டு மறைத்தால், தந்தி வந்ததைப் படிக்காமல் அடுப்பில் போட்ட மாதிரி.

குளியல்: எத்தனை நாளுக்கு ஒருமுறை?

வாடை அடிக்கிறது என்று சிலர் தினமும் குளிப்பாட்டுகிறார்கள். அது வேண்டாம். நாயின் தோல் நம் தோல் மாதிரி இல்லை. நாம் போடும் சோப்பு அதற்குக் காரம். அடிக்கடி போட்டால் தோல் வறண்டு, அரித்து, சொறிந்து புண்ணாகும். புண்ணானால் மறுபடி வாடை. நல்ல தோல் உள்ள நாய்க்கு மாதம் ஒன்று அல்லது இரண்டு முறை போதும். நாய்க்கென்று விற்கும் ஷாம்பு நல்லது. துணி சோப்பு, துவைக்கும் பவுடர் கூடவே கூடாது.

குளிப்பதைவிட முக்கியம் காய்வது. நனைந்த நாய் ஏன் அப்படி வாடை அடிக்கிறது தெரியுமா? நாயின் முடியில் கிருமிகளும் பூஞ்சையும் எப்போதும் கொஞ்சம் இருக்கும். அவை விடும் வாடைப் பொருள்கள் காய்ந்த முடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரம் பட்டு, அந்த ஈரம் ஆவியாகும்போது அவையும் சேர்ந்து காற்றில் கிளம்பும். அதனால் குளிப்பாட்டியதும் பழைய பருத்தித் துண்டால் முடியின் அடிவரை அழுத்தித் துடைத்து, இளவெயிலில் விடுங்கள். மழையில் நனைந்து வந்தாலும் இதே மாதிரி துடைத்த பிறகுதான் உள்ளே விட வேண்டும். வாசலில் ஓர் ஆணியில் நாய்த் துண்டு எப்போதும் தொங்கட்டும்.

நம் நாட்டு நாய், ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை இவற்றுக்கெல்லாம் முடி குட்டை. சீக்கிரம் காயும். அழகுக்காகப் பொமரேனியன் மாதிரி அடர்ந்த முடி உள்ள நாய் வாங்கியவர்கள் தினமும் சீப்புப் போட வேண்டும். உதிர்ந்த முடி உள்ளே சிக்குப் பிடித்தால் அதற்கடியில் ஈரம் தங்கி நாறும்.

படுக்கை: வாடையின் வேர்

நம் சகோதரி வீட்டில் மெஷினுக்கு அடியில் ஒரு கோணிச் சாக்கு. போட்டு எத்தனை நாளாச்சு என்று கேட்டோம். "தீபாவளிக்குப் போட்டது" என்றார். அப்போது ஆடி மாதம்! நாயின் தோல் எண்ணெய், எச்சில், முடி, காதுச் சீழ் எல்லாம் அந்தச் சாக்கில் ஊறிப்போயிருந்தது. நாயை எத்தனை முறை குளிப்பாட்டினாலும் மறுபடி அதே சாக்கில் படுத்தால் என்ன பயன்?

கோணிச் சாக்கைத் துவைப்பது கஷ்டம், காயாது. பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து இரண்டு செட் தைத்துக்கொள்ளுங்கள். ஒன்று துவைக்கும்போது ஒன்று விரிக்கலாம். வாரம் ஒருமுறை முதலில் முடியை உதறிவிட்டு, வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்துத் துவைத்து, உச்சி வெயிலில் இரண்டு பக்கமும் காயப் போடுங்கள். வெயிலைப் போல் செலவில்லாத மருந்து வேறில்லை. நாயின் துணியை நம் துணியோடு சேர்த்து ஊறவைக்க வேண்டாம்.

மூத்திரம் போன இடம்: பினாயில் மட்டும் போதாது

நம் குழுக்கள் பல பினாயில் தயாரித்து விற்கின்றன. அதனால் இதை நேராகச் சொல்லிவிடுகிறோம். நாய் மூத்திரம் போன இடத்தில் பினாயில் ஊற்றுவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. நமக்குப் பினாயில் மணம்தான் தெரியும். ஆனால் நாயின் மூக்கு நம் மூக்கைவிடப் பல மடங்கு கூர்மை. அடியில் இருக்கும் மூத்திர வாடை அதற்குத் தெளிவாகத் தெரியும். "இது நம்ம இடம்" என்று நினைத்து அங்கேயே திரும்பப் போகும்.

புது மூத்திரத்தில் வாடை குறைவு. அதில் உள்ள யூரியாவைக் கிருமிகள் தின்று அம்மோனியாவாக மாற்றும்போதுதான் மூக்கில் ஏறும் நெடி வருகிறது. சிமெண்டுத் தரை பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் பஞ்சு மாதிரி கொஞ்சம் உறிஞ்சும். உள்ளே போய்க் காய்ந்த உப்புகள் மழைக்காலத்தில் ஈரம் பட்டதும் மறுபடி வாடை விடும். மழை வந்தால் வாடை அதிகம் என்று பலர் சொல்வது இதனால்தான்.

என்ன செய்யலாம்?

1. பார்த்த உடனே பழைய துணியையோ செய்தித்தாளையோ போட்டு அழுத்தி உறிஞ்ச வையுங்கள். தேய்த்தால் பரவும்.

2. வெறும் தண்ணீர் ஊற்றி இரண்டு முறை துடைத்து எடுங்கள்.

3. ஒரு டம்ளர் வினிகரில் ஒரு டம்ளர் தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிஷம் விட்டுத் துடையுங்கள். வினிகரின் புளிப்பு அம்மோனியாவின் நெடியை அடக்கும். மொசைக், மார்பிள் தரைக்கு மட்டும் இது வேண்டாம். புளிப்புப் பட்டால் பளபளப்புப் போய்விடும். அங்கே சோப்புத் தண்ணீர் போதும்.

4. தரை காய்ந்த பிறகு சமையல் சோடாவைத் தூவி ஓர் இரவு விட்டுக் காலையில் பெருக்குங்கள். வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். நுரை பொங்குவதைப் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒன்றை ஒன்று முறித்துவிடும். பலன் இருக்காது.

5. பழைய, ஊறிப்போன இடத்துக்கு, செல்லப் பிராணிகளுக்கான கடையில் என்சைம் கலந்த கிளீனர் கிடைக்கும். அது வாடைப் பொருளையே சிதைக்கும். ஊற்றியதும் துடைக்காமல், பாட்டிலில் சொன்ன நேரம்வரை ஈரமாக விட வேண்டும்.

மண் தரை என்றால் ஊறிய மண்ணைச் சுரண்டி வெளியே கொட்டிவிட்டுப் புது மண் போட்டு மெழுகுங்கள். மேலோடு மெழுகினால் வாடை அடியிலேயே இருக்கும்.

வீட்டில் கண்ட இடத்தில் காலைத் தூக்கும் கடுவன் நாய்களுக்குக் கருத்தடை செய்தால் பல நாய்களிடம் அந்தப் பழக்கம் குறைகிறது. இதுவரை ஒழுங்காக வெளியே போன நாய் திடீரென்று வீட்டுக்குள் போக ஆரம்பித்தால் அடிக்காதீர்கள். சிறுநீர்க் கோளாறாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். காலை, சாப்பிட்ட பின், இரவு படுக்கும் முன் என்று நேரம் வைத்து வெளியே விட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

எச்சரிக்கை: இவை கலந்தால் நமக்கே ஆபத்து

மூத்திரம் காய்ந்த இடத்தில் நேராகப் பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். மூத்திரத்தின் அம்மோனியாவும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு வரும். பிளீச்சிங்கோடு கழிவறை கழுவும் ஆசிட்டையோ வினிகரையோ சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். அடைத்த அறையில் இது உயிருக்கே ஆபத்து. பார்வோ வந்த வீட்டில் பிளீச்சிங் தேவைப்படும். அங்கேயும் முதலில் அசுத்தத்தை நன்றாகக் கழுவிவிட்டு, டாக்டர் சொல்லும் அளவில், ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் போட வேண்டும்.

கருப்புப் பினாயில் நாயின் பாதத்தைப் புண்ணாக்கும். நாய் பாதத்தை நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும். எந்தப் பினாயில் போட்டாலும் தரை நன்றாகக் காயும்வரை நாயை உள்ளே விடாதீர்கள். அந்துருண்டையை நாய் எட்டும் இடத்தில் போடாதீர்கள், தின்றால் விஷம். சாம்பிராணி போடலாம், தப்பில்லை. ஆனால் சுத்தம் செய்த பிறகு போடுங்கள். வீசிங் உள்ள பிள்ளைகள் இருந்தால் புகையே வேண்டாம்.

நம் குழுக்களில் சிலர் எலுமிச்சை, சாத்துக்குடித் தோலில் பயோ என்சைம் தயாரிக்கிறோம். வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்து பங்கு, மூன்று மாதம் ஊறல். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், வெடிக்கும். இது தரை துடைக்க நல்லது. வினிகர் மாதிரிப் புளிப்பு இருப்பதால் வாடையும் குறையும். ஆனால் கடையில் விற்கும் என்சைம் கிளீனருக்கு இது சமம் என்று சொல்லி விற்காதீர்கள். வாங்குகிறவருக்குப் பலன் இல்லாவிட்டால் நம் குழுவின் பெயர்தான் கெடும்.

மலம், தட்டு, சாப்பாடு

நாயின் மலத்தை அன்றன்றைக்கே எடுத்து, கிணறு, போர், காய்கறிப் பாத்தி இவற்றிலிருந்து தள்ளிக் குழி தோண்டிப் புதையுங்கள். இது வாடைக்காக மட்டும் இல்லை. நாயின் வயிற்றில் உள்ள உருண்டைப் புழுவின் முட்டை மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். மண்ணில் விளையாடும் பிள்ளைகள் கையை வாயில் வைத்தால் உள்ளே போகும். கொக்கிப் புழுவின் குஞ்சு வெறுங்காலில் தோல் வழியாகவே ஏறி அரிப்பு உண்டாக்கும். அதனால் வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புழு மாத்திரை கொடுங்கள். குட்டிகளுக்கு இன்னும் அடிக்கடி தேவை, டாக்டர் சொல்வார்.

நாய் மூத்திரம் வழியாகவும் எலிக்காய்ச்சல் பரவும். காலில் செருப்பு, கையில் உறை அல்லது பிளாஸ்டிக் பை போட்டுக்கொண்டு சுத்தம் செய்யுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

மிச்சச் சோறும் கருவாட்டுத் தலையும் தட்டில் காய்ந்து கிடந்தால் ஈ மொய்க்கும், நாறும். கால் மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். தட்டைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள். சாப்பாட்டைத் திடீரென்று மாற்றினாலும், பாலை அதிகமாக ஊற்றினாலும் வயிறு கெட்டு வாடை வரும்.

வீட்டிலேயே தொழில் செய்பவர்களுக்கு

தையல், எம்பிராய்டரி செய்பவர்கள்: தொழில் அறைக்குள் நாயை விடாத பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கொண்டுவாருங்கள். வாடிக்கையாளர் துணியை மூடி போட்ட பெட்டியில் வையுங்கள். துணி வாடையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

மாவு அரைப்பவர்கள், ஊறுகாய், அப்பளம், தின்பண்டம் செய்பவர்கள்: இதில் யோசிக்கவே இடமில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006-ன் கீழ் உள்ள விதிகள், உணவு தயாரிக்கும் இடத்துக்குள் செல்லப் பிராணிகள் நுழையக் கூடாது என்கின்றன. நாய்க்கு வாசல், பின்கட்டு, தொழுவம் என்று தனி இடம் அமைத்துவிடுங்கள். நிழலும் தண்ணீரும் இருந்தால் போதும், அது சந்தோஷமாகக் கிடக்கும்.

வாராவாரம் செய்ய வேண்டியவை

தினமும்: ஜன்னல் கதவைத் திறந்து காற்று, வெயில் விடுவது. தட்டுக் கழுவுவது. மலம் எடுப்பது. உதிர்ந்த முடியைப் பெருக்குவது.

வாரம் ஒருமுறை: படுக்கைத் துணி துவைப்பது. படுக்குமிடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவுவது. காது, வாய், தோல், பின்பக்கம் பார்ப்பது.

மாதம் ஒன்றிரண்டு முறை: குளியல்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை: புழு மாத்திரை.

வருடம் ஒருமுறை: வெறிநோய்த் தடுப்பூசி, மற்ற தடுப்பூசிகள். தடுப்பூசி அட்டையைக் குழுப் பாஸ்புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள், தொலையாது. எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், தடுப்பூசி போட்ட வீட்டு நாயாகவே இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

கொண்டுபோய் விட்டுவிடுவது வழியல்ல

நாயை வெளியூரில் இறக்கிவிட்டு வருவது பல வீடுகளில் சர்வ சாதாரணமாக நடக்கிறது. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வீட்டுச் சோறு தின்று வளர்ந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. மற்ற நாய்கள் கடித்துக் குதறும். இறக்கிவிட்ட ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அது தொந்தரவு.

நம் சகோதரி வீட்டுக்கு மறுபடி வருகிறோம். காது மருந்து இரண்டு வாரம் போட்டார்கள். சாக்கைத் தூக்கிக் குப்பையில் போட்டார்கள். மெஷினுக்குப் பின்னால், சுவர் ஓரத்தில் நாய் ரொம்ப நாளாக மூத்திரம் போன இடம் ஒன்று இருந்தது. மெஷினை நகர்த்திய பிறகுதான் தெரிந்தது. மூன்று நாள் கழுவினோம், நாங்களும் கூட நின்றோம். வெட்டுத் துணியில் பிள்ளைகளே நாய்க்குப் படுக்கை தைத்தார்கள். நாயின் இடம் திண்ணைக்கு மாறியது. இரண்டு நாள் கதவைச் சுரண்டிப் பார்த்தது, பிறகு பழகிவிட்டது. அடுத்த முறை லாரியிலிருந்து இறங்கி வந்த கணவர் வீட்டைச் சுற்றி மோந்து பார்த்துவிட்டு, சாக்குப் பேச்சை எடுக்கவே இல்லையாம்.

போன வாடிக்கையாளர் எல்லோரும் திரும்பி வந்தார்கள் என்று சொல்ல மாட்டோம். சிலர் வரவில்லை. ஆனால் பொங்கலுக்குப் போதுமான ஆர்டர் வந்தது. பாக்கித் தவணையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடித்துவிட்டார். வேறு கடைக்குப் போயிருந்த நாங்கள் இரண்டு பேரும் துணியை எடுத்துக்கொண்டு அவரிடமே போனோம். அளவெடுக்கும்போது அவர் கேட்டார்: "முன்னாடியே சொல்லியிருக்கலாம்லக்கா?"

எங்களிடம் பதில் இல்லை. பின்னால் பேசியது ஆறு மாதம். முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷம். அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தக் கட்டுரையை ஒருவர் வாய்விட்டுப் படியுங்கள். நாய் வளர்க்கும் உறுப்பினர் யார் யார், தடுப்பூசி போட்டாச்சா என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நாலைந்து வீட்டு நாய்களை ஒரே நாளில் சேர்த்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனால் ஆட்டோச் செலவும் மிச்சம். யார் வீட்டிலாவது வாடை இருந்தால், தனியாகக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அன்பாகச் சொல்லிவிடுங்கள்.